இனியாவைப் பற்றி நாற்பது கேள்விகள்

மே 4, திங்கள்

காலையிலிருந்து பனிமூட்டம். எதிர் வீடு தெரியவில்லை. இருக்கிறதா, இரவோடு இரவாகக் காலி செய்துவிட்டார்களா என்றே சந்தேகம். ஆபீசில் மிளகு நாற்று வந்து இறங்கியது. எண்ணி முடிப்பதற்குள் மூன்று டீ.

பதினொரு மணிக்குக் கவிதா போன். மாலத்தீவிலிருந்து. "அண்ணா, கான்ட்ராக்ட் முடியுது. இந்தத் தடவை நீட்டிக்கல. பதினாறாம் தேதி நம்ம செம்மேட்டுல இருப்பேன். இனிமே திரும்பிப் போகலீங்கண்ணா."

சந்தோஷம் என்றேன். போனை வைத்த மறு விநாடி சந்தேகம். காரணங்கள்:

1. குரலில் பணிவு. என் தங்கை பிறந்ததிலிருந்து எனக்குப் பணிந்த சரித்திரம் கிடையாது.
2. "இனியா பக்கத்துல இருக்காளா?" என்றாள். பள்ளி லீவு, விளையாடப் போயிருக்கிறாள் என்றேன். "அப்பச் சரி." எது சரி?
3. அண்ணியிடம் தனியாகப் பேச வேண்டுமாம்.

பிற்காலத்தில் இந்த டைரியைத் தோண்டி எடுக்கப்போகும் வரலாற்று ஆசிரியர்களுக்காக ஒரு குறிப்பு. இனியா, கவிதாவின் மகள், வயது ஒன்பது. அப்பா விபத்தில் போய்விட்டார். நாலு வயதில் எங்களிடம் விட்டுவிட்டுக் கடல் தாண்டினாள் கவிதா, ஒரு தீவுப் பள்ளியில் ஆங்கில டீச்சராக. ஐந்து வருடத்தில் இரண்டே முறை வந்தாள். இரண்டையும் சேர்த்தால் ஒரு மாதம் தேறாது. செல்விக்கும் எனக்கும் பிள்ளை இல்லை. நானோ தோட்டக்கலை ஆபீஸ் உதவியாளர். என் முத்திரை விழாமல் இந்த மலையில் ஒரு பலா காய்க்காது. (ஆபீசர் அப்படி நினைக்கவில்லை. அவர் குறை அது.)

கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறாள். வேறு எதற்கு?

மே 6, புதன்

வெயில். துணி காய்ந்தது, அதிசயம்.

எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி ஓரம் மட்டுமே. இந்தியாவின் எல்லா ரகசியமும் அங்கேதான் பேசப்படுகிறது. மாலை செல்வி போனோடு அங்கே. மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் விடும் சாக்கில் நான் பத்தடி தள்ளி. கேட்டவை:

"...தயிர் ஊத்தினாத் தொடமாட்டா..."
"...அவரு கிட்டச் சொல்லல கண்ணு, சொல்லுவனா..."
"...எழுதணுமா? அய்யோ, எனக்கு எழுதறதுன்னாலே கை வராதே..."

'அவரு' யார்? நான்தான். என் வீட்டில், என் மிளகாய்ச் செடிக்கு எதிரில், என்னைப் பற்றி!

இன்னும் நெருங்கலாம் என்று குனிந்ததில் வாளி கவிழ்ந்தது. வேட்டி நனைந்தது.

"ஏனுங்க, அங்க என்ன பண்றீங்க?"
"விவசாயம்."
"நேத்துத்தான் செடிக்குத் தண்ணி ஊத்துனேன். அழுகிப்போயிரும், இங்கிட்டு வாங்க."

அடுத்துப் போனை இனியா வாங்கினாள். அம்மாவும் மகளும் பத்து நிமிடம் ஆங்கிலம். என் ஆங்கிலம் விடுப்பு விண்ணப்பம் வரை. காய்ச்சல் வந்தால் புரியும், மற்றது புரியாது. இனியா இரண்டு முறை சிரித்தாள். ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அதைக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

மே 8, வெள்ளி

சந்தை நாள். அன்னாசி வாங்கினேன், புளிப்பு. விற்றவன் முகத்தைப் பார்த்தபோதே சந்தேகம் வந்தது.

பஸ் ஸ்டாண்டு கம்ப்யூட்டர் கடைக்காரர் கூப்பிட்டார். "சார், அக்கா ஒண்ணு பிரிண்ட் போடச் சொன்னாங்க. மாலத்தீவுல இருந்து வந்துச்சு. நீங்களே கொண்டு போயிருங்க." மலையின் உளவுத்துறை இவ்வளவு எளிதில் சரணடையும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மூன்று தாள். தலைப்பு: இனியா. கீழே: வினாக்கள் 40. எல்லா வினாக்களுக்கும் விடையளிக்கவும். பகுதி அ, கோடிட்ட இடங்களை நிரப்புக. பகுதி ஆ, சரியா தவறா. பகுதி இ, ஓரிரு வரிகளில் எழுதுக.

அடியில்: 'அண்ணி, அவளைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியல. வந்து இறங்குறதுக்குள்ள படிச்சு வெச்சுக்கிறேன். அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். கேலி பண்ணியே கொன்னுருவாரு.'

பெற்ற பிள்ளையைப் பரீட்சைப் பாடமாகப் படிக்கும் ஒரே தாய் உலகத்தில் என் தங்கைதான். டீச்சர்களைத் திருத்த முடியாது.

கேலி செய்யத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. இதை முழுக்கப் படித்துவிட்டால் பிறகு எங்கள் தேவை என்ன? கோட்டையைப் பிடிக்க வருகிறவள் வரைபடம் கேட்கிறாள். கேட்பதோ காவல்காரன் பெண்டாட்டியிடம்.

மே 9, சனி

தாளைச் செல்வியிடம் நீட்டினேன். முகம் போன போக்கைப் படம் எடுத்திருக்க வேண்டும்.

"உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னாளே!"
"தெரிஞ்சிருச்சே. நீ சொல்லு, நான் எழுதறேன். உன் கையெழுத்து கோழி கெளறுன மாதிரி இருக்கும். நீ எழுதுனதாவே இருக்கட்டும்."
"நல்ல மனசுங்க உங்களுக்கு" என்றாள். பாவம்.

அவள் அடுப்படியில், நான் நாற்காலியில். அவள் சொன்னதும் நான் எழுதியதும்:

பிடித்த நிறம். "மஞ்சளுங்க. பழுத்த மாம்பழம் இருக்கும் பாருங்க, அந்த மஞ்சள்." எழுதியது: கருப்பு.

காலை உணவு. "தோசை, ஓரம் முறுகலா. சீனி தொட்டுக்குவா." எழுதியது: உப்புமா என்றால் உயிர்.

தலை வாருவது. "எடப்பக்க வகிடு. நடு வகிடு எடுத்தா அழுதுருவா." எழுதியது: நடு வகிடு, இறுக்கிப் பின்ன வேண்டும்.

கோபம் வந்தால். "கதவுக்குப் பின்னால போய் நிப்பா. கூப்பிடக் கூடாது. அவளா வருவா." எழுதியது: விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இடி இடித்தால். கரண்டிச் சத்தம் நின்றது. "ஒண்ணுஞ் சொல்லமாட்டா. பக்கத்துல வந்து முந்தானையப் புடிச்சுட்டு நிப்பா. நாம எதுவும் கேக்கக் கூடாதுங்க. சும்மா நின்னாப் போதும்." எழுதியது: பேய்க்கதை சொன்னால் குஷியாகிவிடுவாள்.

இப்படி முப்பத்தேழு. பேரையும் வகுப்பையும் மாற்ற முடியாது. இன்னொன்று, கத்திரிக்காய் தின்றால் உடம்பெல்லாம் தடித்துவிடும் என்பது. அதை மாற்றக் கை வரவில்லை. சதிகாரனுக்கும் ஓர் எல்லை உண்டு.

நாற்பதாவது கேள்வி: என்னைப் பற்றி எப்போதாவது கேட்பாளா?

"கேக்காம? தெனமும் பள்ளிக்கூடம் கெளம்பறப்ப, அத்தை, அம்மாவுக்கு இப்ப மணி எட்டுத்தானேன்னு கேட்டுட்டுத்தான் செருப்பே போடுவா. அங்க நம்மளவிட அரை மணி கம்மியாமே. எழுதிட்டீங்களா?"

எழுதிவிட்டேன் என்றேன். எழுதியது: இல்லை.

ஒரே சொல். பேனா நின்று நின்று எழுதியது. மட்டமான பேனா.

ஆறு மணிக்குக் கம்ப்யூட்டர் கடையில் டைப் அடித்து அனுப்பியாயிற்று. ஏழு மணிக்குக் கவிதாவின் பதில், செல்வி போனுக்கு. கைகூப்பும் படம் பதினோரு முறை.

மே 10, ஞாயிறு

இனியாவை வாசலூர்பட்டிக்குக் கூட்டிப்போனேன், படகு விட. வெளிக்கு உல்லாசம், உள்ளே விசாரணை. நடு ஏரியில் சாட்சி தப்பிக்க முடியாது. ஆரஞ்சு மிதவைச் சட்டைக்குள் அவள் மூக்கு மட்டும் தெரிந்தது. மிதிப்பது முழுக்க நான். அவள் கால் எட்டவில்லை.

"அம்மா இங்கிலீசுல என்ன கண்ணு பேசுனாங்க?"
"நான் எவ்வளவு ஒசரம்னு கேட்டாங்க."
"அதுக்கு எதுக்குச் சிரிச்சே?"
"உங்க தோளு வரைக்கும்னு சொன்னேன். அண்ணனே குட்டைதானேன்னாங்க."

அவதூறு. மேல்முறையீடு செய்யப்படும்.

கொஞ்ச நேரம் தண்ணீரைக் கையால் அளைந்தாள். பிறகு, "மாமா, அம்மா டீச்சர்தானே. வூட்லயும் டீச்சராத்தான் இருப்பாங்களா? நான் தப்பாச் சொன்னா என்ன பண்ணுவாங்க?"

"என்ன பண்ணுவாங்க! உன்னைத் தூக்கிக் கொஞ்சுவாங்க" என்று சொல்லியிருக்கலாம். "யாருக்குத் தெரியும்" என்றேன். படகுக்காரர் விசில் ஊதினார், நேரம் முடிந்தது என்று.

மே 13, புதன்

சாரல். குரங்கு வந்து செல்வி காயப்போட்ட வடகத்தைத் தூக்கிப்போனது. கைத்தடி, கத்தல், எதுவும் பலிக்கவில்லை.

சந்தேகத்துக்குரிய நிகழ்வுகள், இவ்வாரம்:
- நாமக்கல்லில் வீட்டு வாடகை எப்படி என்று கவிதா செல்வியிடம் கேட்டிருக்கிறாள்.
- செல்வி அதை என்னிடம் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் கடைக்காரர் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும்?
- இனியா தன் துணியைத் தானே மடித்து வைக்கிறாள். ஒன்பது வருடத்தில் முதல் முறை.
- செல்வி சத்தமில்லாமல் பாத்திரம் கழுவுகிறாள்.

மே 16, சனி

வந்துவிட்டாள். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்தாளாம். பஸ்சிலிருந்து இறங்கியபோது கருவேப்பிலைக் காம்பு போல இருந்தாள். இரண்டு பெட்டி. ஒன்றைத் தூக்கினேன், என் இடுப்பு இனி என்னுடையதில்லை.

இனியா செல்விக்குப் பின்னால். கவிதா குனிந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். இவளும் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள், நின்ற இடத்திலேயே. பஸ் ஸ்டாண்டே பார்த்தது. இரண்டு அதிகாரிகள் அறிமுகம் ஆவது போல இருந்தது.

வீட்டுக்கு வந்து பெட்டி திறப்பு. கருப்புக் கவுன். கருப்பு ஷூ. கருப்பு ரிப்பன். கருப்புக் குடை. வக்கீல் ஆபீஸ் திறப்பு விழா போல.

"உனக்குப் பிடிக்கும்னுதான் தேடித் தேடி வாங்கினேன்."
"தேங்க்யூ" என்றாள் இனியா. மடித்து அலமாரியில் வைத்தாள், அடித் தட்டில்.

செல்வி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

மே 17, ஞாயிறு

காலையில் அடுப்படியில் கவிதா. "அண்ணி, நீங்க உக்காருங்க, இன்னைக்கு என் கை." உப்புமா.

இனியா நாலு வாய் தின்றாள். மரியாதைக்காக. கண்ணில் தண்ணீர், தொண்டையில் உப்புமா. கவிதா எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள், பரீட்சை ஹாலில் நிற்பவள் போல. "இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?"

அடுத்துத் தலை வாரல். நடு வகிடு. இறுக்கிப் பின்னல். சொன்னபடியே அழுகை. கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். "இனியா, இனியா, இனியாம்மா" என்று முக்கால் மணி நேரம் விடாமல் கூப்பிட்டாள் கவிதா.

செல்வி கொல்லைப் பக்கம் வந்து கேட்டாள். "நான் சொன்னதத்தானே எழுதினீங்க?"
"பின்ன?"
"அவ ஒண்ணொண்ணும் தலைகீழாச் செய்யறா."
"வெளிநாட்டுல இருந்தா அப்படித்தான். மறந்திருப்பா."

திட்டம் முழு வெற்றி. மதியம் சாப்பாடு இறங்கவில்லை. நேற்றுப் பெட்டி தூக்கியதில் வாயு.

மே 18, திங்கள்

ஆபீஸ். சவுக்கு நாற்றுக்கு மூன்று பேர் வந்து, இல்லை என்றதும் திட்டிவிட்டுப் போனார்கள். மூன்றரைக்கு வானம் இருண்டு இடி. இந்த மலையில் இடி பக்கத்து அறையில் பீரோ விழுவது போலக் கேட்கும்.

நாலு மணி இருக்கும். இனியா ஆபீசுக்குள் ஓடி வந்தாள். தலையெல்லாம் மழை, காலெல்லாம் சேறு. ஒன்றும் சொல்லவில்லை. மேசையைச் சுற்றி வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதே இல்லை, எழுதியவன் நான்தான்.

பின்னாலேயே கவிதா, செருப்பில்லாமல். வாசலிலேயே நின்றுவிட்டாள். ஆபீசர் எழுந்து உள்ளே போய்விட்டார், நல்ல மனுஷன்.

"கதைதாண்ணா சொன்னேன். இடி இடிச்சா பேய்க்கதை பிடிக்கும்னு அண்ணி எழுதியிருந்தாங்க. ப்ளேன்லகூடப் படிச்சுட்டே வந்தேன். நாப்பதும் மனப்பாடம்." முகத்தைத் துடைத்தாள். மழையா வேறா தெரியவில்லை. "அவளுக்கு என்னைப் பிடிக்கலண்ணா. நான் ஒருத்தி இருக்கேங்கறதையே மறந்துட்டா, அதுவும் எழுதித்தான் இருந்துச்சு. அந்தப் பள்ளிக்கூடத்துல இன்னும் ஆள் போடல. கேட்டா எடுத்துக்குவாங்க. நான் போயிடறேன். அவ இங்கயே இருக்கட்டும்."

வென்றுவிட்டேன். ஓரி மன்னனுக்குப் பிறகு இந்த மலையில் இப்படியொரு வெற்றி எவனுக்கும் இல்லை. முரசு கொட்ட வேண்டியதுதான் பாக்கி.

ஸ்டாம்ப் பேடைத் திறந்தேன், மூடினேன். திறந்தேன், மூடினேன்.

மே 19, செவ்வாய்

ஐந்தரைக்கே எழுந்தேன். தொட்டி ஓரம் கவிதா, கையில் போன். தீவுப் பள்ளி திறக்கக் காத்திருக்கிறாள்.

போய் நின்றேன். சொல்லப்போவதைப் பெரிய பிரசங்கமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இவ்வளவுதான்: "அத எழுதுனது நான். செல்வி சொன்னது வேற, நான் எழுதுனது வேற."

கத்துவாள், போனை எறிவாள் என்று குனியத் தயாராக நின்றேன். போனைக் கீழே இறக்கினாள்.

"எல்லாமா?"
"பேரு, கிளாசு, கத்திரிக்காய் தவிர."
"நாப்பதாவதுமா?"
"அதும்."

செல்வி சொன்னதைச் சொன்னேன். தினமும் செருப்புப் போடுமுன் மணி கேட்பதை. தொட்டித் திண்டில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏண்ணா?"
"நீ அவளக் கூட்டிட்டுப் போயிருவேன்னு பயம்."
"கூட்டிட்டுத்தான் போவேன்." டீச்சர் குரல். "நாமக்கல்ல வேலை கெடச்சிருக்கு. அண்ணிகிட்ட மட்டும் சொன்னேன். உங்ககிட்டச் சொல்ல தைரியம் வரல. அவ எங்கூட இல்லாம வேற யாருகூட இருப்பா?"

ஆக என் சந்தேகம் அத்தனையும் சரி. நூற்றுக்கு நூறு. வாழ்க்கையில் முதல் முறை எல்லாவற்றையும் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறேன்.

பின்னால் செல்வி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. காப்பி எல்லோருக்கும் வந்தது, எனக்கு வரவில்லை.

மே 20, புதன்

இன்றும் காப்பி இல்லை. கடையில் குடித்தேன்.

மாலை கூடத்தில் பாய் விரித்துக் கவிதா. இனியாவைக் கூப்பிட்டு மூன்று தாளையும் போட்டாள், கையில் சிவப்புப் பேனா கொடுத்தாள். "இது ஒருத்தர் எழுதுன பரீட்சை. உன்னைப் பத்தி. நீதான் திருத்தணும்."

"யாரு எழுதுனது?"
கவிதா என்னைப் பார்த்தாள். "உங்க மாமா."

அவ்வளவுதான். என் சதியையெல்லாம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

"கருப்பா? தப்பு. மஞ்சள்." கோடு. "உப்புமாவா! அய்ய!" பெரிய கோடு, தாள் கிழிந்தது. "அம்மா, தெரியுமா, தோசைன்னா..." கவிதா பக்கத்தில் சாய்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். "சீனியா? தோசைக்கா?" "ஆமா! நீங்க தின்னு பாருங்க!" ஆங்கிலம் காணாமல் போயிருந்தது. பத்தாவது கேள்விக்கு இனியா அம்மா மடியில் காலைப் போட்டிருந்தாள். இருபதுக்கு இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். செல்வியும் கதவோரம் நின்று சிரித்தாள், புடவையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

நாற்பதாவதில் சிரிப்பு நின்றது. இனியா படித்தாள். அடிக்கவில்லை. பேனாவை மூடி, அம்மாவின் வாட்சைத் திருப்பிப் பார்த்தாள். "இப்ப உங்க மணியும் எங்க மணியும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான் கண்ணு."

பிறகு மதிப்பெண் போட்டாள். நாற்பதுக்கு மூன்று. என்னிடம் வந்து தாளை நீட்டினாள், முகத்தில் உண்மையான கவலை.

"மாமா, அஞ்சு வருசமா எங்கூடவே இருக்கீங்க. என்னைப் பத்தி உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையே!"

நாற்பதும் தெரியும். நானூறு தெரியும். தூக்கத்தில் எந்தப் பக்கம் திரும்பினால் கனவு என்று தெரியும். வாய் வரைக்கும் வந்தது. கவிதா ஏதோ சொல்ல எழுந்தாள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"மாமா மக்குடா சாமி" என்றேன்.

"பரவால்லீங்க" என்றாள். தட்டிக்கொடுத்தாள்.

மே 22, வெள்ளி

தூறல். செல்வி காப்பி கொடுத்தாள். சர்க்கரை இல்லை, ஆனாலும் காப்பி.

கவிதா, இனியா, நான், மூன்று பேரும் பள்ளிக்கு, டி.சி. வாங்க. தலைமையாசிரியர் சமவெளிக்காரர், பன்னிரண்டு வருடமாக மலையில். லீவு நாளிலும் வந்து உட்கார்ந்திருந்தார். பழைய விண்ணப்பங்களை எல்லாம் கோப்பிலிருந்து எடுத்துக் காட்டினார்: சேர்க்கை, சீருடை, சுற்றுலா, தடுப்பூசி. எல்லாவற்றிலும் என் கையெழுத்து, ஜமீன்தார் கணக்கில் சுழித்து.

"இதுலயும் ஒண்ணு போட்டுருங்க சார்" என்று டி.சி. விண்ணப்பத்தை வழக்கம்போல என் பக்கம் தள்ளினார்.

கீழே அச்சில்: பெற்றோர் / பாதுகாவலர் கையொப்பம். பொருந்தாததை அடித்துவிடவும்.

ஐந்து வருடமாக முதல் சொல்லை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவன். பேனா கையில்தான் இருந்தது. கவிதா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்கமாட்டாள், தெரியும். இனியா மேசை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு பேனா முனையைப் பார்த்தாள்.

தாளைத் தங்கை பக்கம் திருப்பினேன். பேனாவையும் கொடுத்தேன்.

இரண்டாவது சொல்லை அடித்தாள். அளவுகோல் இல்லாமலே நேராக வந்தது கோடு. டீச்சர் ஆயிற்றே.